டியான் சாண்டர்ஸ்: கோச்சா, கூட்டம் சேர்க்கிறவரா? (கொலராடோவின் 3-9க்குப் பிறகு)

போல்டர்க்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர் போல்டரில் இருக்கும் கொலராடோ பல்கலைக்கழகம் 2025 சீசனை 3 வெற்றி, 9 தோல்வி என்று முடித்திருக்கிறது. யூட்டாவிடம் 53-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட அன்றே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் உளறிவிடுவேன் என்று தள்ளிப்போட்டேன். இப்போது ஆறிவிட்டது. ஆறவில்லைதான், பரவாயில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சு அமெரிக்கன் ஃபுட்பால் பற்றியது. கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் என்ற கேள்விக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

டியான் சாண்டர்ஸ் ஆடிய காலத்தில் கார்னர்பேக். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனோடு ஒட்டிக்கொண்டே ஓடி, அவனுக்குப் பந்து கிடைக்காமல் செய்வது. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றால் சண்டைக்கு வருகிறவர்கள் குறைவு. கூடவே பேஸ்பாலும் ஆடினார். சூப்பர் பவுல் (தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப்போட்டி), வேர்ல்டு சீரிஸ் (பேஸ்பாலின் இறுதிப்போட்டி) இரண்டிலும் ஆடிய ஒரே மனிதர். 1992 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மயாமியில் ஃபுட்பால் ஆடிவிட்டு, அன்று இரவே விமானம் பிடித்து பிட்ஸ்பர்க்கில் பேஸ்பால் அணியோடு போய் உட்கார்ந்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவோடு ஒரு சூப்பர் பவுல், அடுத்த ஆண்டே டாலஸோடு இன்னொன்று. 2011-இல் ஹால் ஆஃப் ஃபேம்.

ஓய்வுக்குப் பிறகு டிவியில் பேசினார், டெக்சஸில் பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2020 செப்டம்பரில் மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைக் கோச் ஆக்கியது. 2022 டிசம்பரில் எங்கள் ஊருக்கு வந்தார். அவர் வருவதற்கு முந்தைய சீசனில் கொலராடோ 1-11. அவர் வந்த பிறகு 4-8, 9-4, இப்போது 3-9.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னைப்போல் ஒருவனை ஆளாக்க இவரை விட்டால் ஆளில்லை. தன்னைப்போல் இல்லாத ஐம்பது பேரை வைத்து ஓர் அணி கட்டுவதுதான் இவருக்கு வரவில்லை.

முதல் பாதிக்குச் சாட்சி டிராவிஸ் ஹண்டர். பந்தைப் பிடிக்கும் பக்கமும் ஆடுவான், தடுக்கும் பக்கமும் ஆடுவான். இந்தக் காலத்தில் வேறு எந்தக் கோச்சாக இருந்தாலும் "ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு தம்பி" என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு விளையாட்டுகளை ஒரே நாளில் மேய்த்த மனிதர் மட்டும்தான் "இரண்டும் ஆடு" என்று விட்டிருப்பார். 2024-இல் ஹண்டர் 96 பந்து பிடித்து, 15 டச் டவுன் அடித்து, தடுப்பில் 4 பந்தைப் பறித்து, ஹைஸ்மன் விருதையும் (ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்குக் கொடுப்பது) வாங்கினான்.

இரண்டாவது பாதிக்குச் சாட்சி நானே. 2023 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் மைதானம் ஃபோல்சம் ஃபீல்டு. எதிரணி ஸ்டான்ஃபர்டு. புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு ரால்ஃபி ஓடியது (அது எங்கள் பல்கலைக்கழகத்தின் நிஜக் காட்டெருமை, பெண் எருமை, ஆட்டத்துக்கு முன் ஐந்து பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் தெறித்து ஓடுவார்கள்). இடைவேளையில் ஸ்கோர் 29-0. மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். குளிர் வேறு. மனைவி பார்த்த பார்வையில் எழுந்துவிட்டேன். 36-ஆம் நெடுஞ்சாலையில் வரும்போது ரேடியோவைப் போட்டேன். ஸ்டான்ஃபர்டு எட்டிப்பிடித்துக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, மகளைத் தூக்காமல், எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு ஓவர்டைம் போய் 46-43. தோற்றது நாங்கள்.

29 புள்ளி முன்னிலையைக் காப்பாற்றுவது கோச்சின் வேலை. அதற்கு அவர் மாட்டிக்கொண்டு திரிகிற கூலிங் கிளாஸ் உதவாது.

---

டொரொண்டோ தம்பி

அண்ணே, ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொல்கிறீர்கள். அதே சீசனின் முதல் ஆட்டத்தை மறந்துவிட்டீர்களே? அதற்கு முந்தைய சீசனில் தேசிய இறுதிப்போட்டி வரை போன டிசியு அணியை, அவர்கள் மைதானத்திலேயே, 45-42 என்று அடித்தார்கள். அவர் மகன் ஷெடூர் 510 யார்டு எறிந்தான். 1-11 அணியை வாங்கி, பழைய ஆட்களில் பத்துப் பேர் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எண்பதுக்கு மேற்பட்ட புது ஆட்களை இறக்கி முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தவரைப் பார்த்து "அணி கட்ட வராது" என்கிறீர்கள்.

---

போல்டர்க்காரன்

தம்பி, எண்பது பேரை இறக்கியது அணி கட்டுவது ஆகாது. அது குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்வது. வந்த முதல் கூட்டத்திலேயே இருந்த பையன்களைப் பார்த்து, என் பெட்டி படுக்கையோடு வருகிறேன், நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற தொனியில் பேசினார். அதைப் படம் பிடித்து ஊருக்கும் காட்டினார்கள்.

---

கணக்குப்பிள்ளை

அதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. விதிமுறை மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பெரும்பாலும் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (மாற விரும்புகிற ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) வந்தது. 2021-இல் ஒரு முறை மாறினால் உட்காரத் தேவையில்லை என்றார்கள். அதே 2021 ஜூலையில், மாணவன் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றும் ஆயிற்று. இந்த இரண்டு கதவும் ஒரே ஆண்டில் திறந்தபோது, விளம்பரம் என்றால் என்னவென்று முப்பது ஆண்டாகத் தெரிந்த ஒருவர் வாசலில் நின்றிருந்தார். அவ்வளவுதான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்சன் ஸ்டேட்டில் அவர் சம்பளம் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர். கொலராடோ கொடுத்தது 5 ஆண்டுக்கு 2 கோடியே 95 லட்சம். 2025 மார்ச்சில் அது 5 ஆண்டுக்கு 5 கோடியே 40 லட்சம் ஆனது. 2023-இல் சொந்த மைதானத்து ஆட்டங்கள் அத்தனையும் ஹவுஸ் ஃபுல். கொலராடோ ஸ்டேட் அணியோடு ஆடிய ஆட்டம் கிழக்குக் கடற்கரை நேரப்படி அதிகாலை 2 மணி தாண்டி முடிந்தது. அதைச் சராசரியாக 93 லட்சம் பேர் டிவியில் பார்த்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் கண்ணில் 3-9 வேறு மாதிரி தெரியும்.

---

ஜாக்சன் டாக்டரம்மா

கல்லாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜாக்சன் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். நான் அந்த ஊரில் ரெசிடென்சி செய்தவள்.

ஜாக்சன் ஸ்டேட் வரலாற்று ரீதியாகக் கறுப்பின மாணவர்களுக்கான பல்கலைக்கழகம். ஒரு காலத்தில் தெற்கின் பெரிய வெள்ளைப் பல்கலைக்கழகங்கள் கறுப்புப் பையன்களைச் சேர்க்காது. அதனால் மாபெரும் ஆட்டக்காரர்கள் இங்கேதான் வந்தார்கள். வால்டர் பேட்டன் ஜாக்சன் ஸ்டேட் பையன். கதவு திறந்த பிறகு, நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொண்டு போயின. இங்கே பேண்டு மட்டும் மிஞ்சியது என்று ஊர்க்காரர்களே கிண்டல் செய்வார்கள். அந்தப் பேண்டு சாதாரணமில்லை. சோனிக் பூம் வாசிக்கும்போது இடைவேளையில் ஒருவர்கூடத் தின்பண்டம் வாங்க எழுந்திருக்க மாட்டார். நானும் எழுந்ததில்லை.

அந்த நேரத்தில் இவர் வந்தார். 2021 டிசம்பரில் நாட்டிலேயே முதலிடத்தில் மதிப்பிடப்பட்ட பள்ளி ஆட்டக்காரன், இவர் படித்த ஃபுளோரிடா ஸ்டேட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தவன், கடைசி நாளில் ஜாக்சன் ஸ்டேட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். அவன்தான் ஹண்டர். அன்று வார்டில் நோயாளிகள் முதல் சக்கர நாற்காலி தள்ளுகிற அண்ணன் வரை பேசியது அது ஒன்றைத்தான்.

2022 ஆகஸ்டு கடைசியில் ஊரில் தண்ணீர் நின்றது. சுமார் ஒன்றரை லட்சம் பேருக்குக் குழாயில் ஒன்றும் வரவில்லை. வந்த இடத்தில் கொதிக்க வைக்காமல் தொடக்கூடாது. வெயிலில் காரை வரிசையில் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து ஒரு கேஸ் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடியில் "பிரைம்" என்று அவருடைய பட்டப்பெயரை வெள்ளை மையால் எழுதியிருந்தது. அந்த ஊர் அவரை அப்படித்தான் வைத்திருந்தது.

அந்த சீசனில் ஒரு தோல்வியும் இல்லாமல் டிசம்பர் 3 அன்று பிரிவுப் பட்டத்தை வென்றார்கள். அதே இரவு பையன்களிடம் கொலராடோ போகிறேன் என்று சொன்னார். இரண்டு வாரம் கழித்து அட்லாண்டாவில் செலிப்ரேஷன் பவுலில் (கறுப்பினப் பல்கலைக்கழகங்களின் கோப்பைப் போட்டி) ஓவர்டைமில் தோற்றுவிட்டு, ஹண்டரையும் மகனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முந்தைய ஆண்டும் அதே கோப்பையில் தோல்விதான்.

அவர் போனதற்காகத் திட்டமாட்டேன். என் சம்பளம் அப்படி ஏறினால் நானும் போயிருப்பேன், போகவும் செய்தேன். ஆனால் வரும்போது பேசியதெல்லாம் கறுப்பினப் பல்கலைக்கழகங்களைத் தூக்கி நிறுத்தப்போகிறேன் என்று. கடவுளே அனுப்பினார் என்று. மூன்று சீசனில் கடவுள் வேறு விலாசம் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

---

டொரொண்டோ தம்பி

அக்கா, நியாயமாகப் பேசுவோம். அவர் தன் சம்பளத்தில் பாதியைப் பயிற்சிக் கூடம் முடிக்கக் கொடுப்பதாகச் சொன்னார். அங்கே இருந்தபோது 27 வெற்றி, 6 தோல்வி. 2021-இல் ரத்தக்கட்டு வந்து இடது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகும் சக்கர நாற்காலியில் வந்து கோச் செய்தார். ஜாக்சன் பெயரை நாடு முழுக்க யார் பேச வைத்தார்கள்?

---

ஜாக்சன் டாக்டரம்மா

அதை மறுக்கவில்லை தம்பி. ஆனால் அவருக்குப் பிறகு வந்தவரின் பெயர் உனக்குத் தெரியுமா? டி. சி. டெய்லர். ஜாக்சன் ஸ்டேட்டிலேயே ஆடியவர், சாண்டர்ஸிடம் உதவிக் கோச்சாக இருந்தவர். 2024 டிசம்பரில் அதே செலிப்ரேஷன் பவுலை 28-7 என்று வென்றார். சாண்டர்ஸ் இரண்டு முறை கைவிட்ட கோப்பை. டிவியில் எத்தனை நிமிடம் காட்டினார்கள் என்று கேட்காதே.

---

ஃபிரிஸ்கோ அப்பா

இந்த இழையில் எல்லோரும் பந்தைத் தொடுகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகன் லைன்மேன். டெக்சஸில் உயர்நிலைப் பள்ளி, இப்போது 120 கிலோ. காலையில் அவனுக்குத் தோசை ஊற்றி என் மனைவிக்குக் கை வலி வந்துவிட்டது. இப்போதெல்லாம் இரண்டு கல் போட்டு ஊற்றுகிறாள்.

லைன்மேன் வேலை என்னவென்றால், பந்து எறிகிறவன் முன்னால் ஐந்து பேர் நின்று, எதிரே வருகிற எருமைகளை மூன்று வினாடி தள்ளி நிறுத்துவது. அந்த மூன்று வினாடிக்காக வாரம் முழுவதும் கால் வைக்கும் இடத்தைப் பழகுவார்கள். வலது கால் ஆறு அங்குலம், இடது கால் மூன்று அங்குலம், கை எதிராளியின் நெஞ்சுக்குள். பக்கத்தில் நிற்பவன் கண்ணசைத்தால் இவனுக்குப் புரிய வேண்டும். புரிவதற்கு இரண்டு வருடமாவது சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். என் மகன் விரல்கள் நான்கும் எப்போதும் வெள்ளை டேப்பில் கட்டியிருக்கும். சாதம் பிசையத் தெரியாமல் போய்விட்டது. அவன் பெயரை மைக்கில் சொன்னால் ஏதோ தப்பு செய்திருக்கிறான் என்று அர்த்தம்.

இப்போது 2023 கொலராடோவைப் பாருங்கள். ஷெடூர் ஒரே சீசனில் 50 முறைக்கு மேல் தரையில் சாய்க்கப்பட்டான். ஓடி யார்டு எடுப்பதில் முதல் நிலைப் பிரிவு முழுவதிலும் கடைசி இடம். இரண்டும் லைன் இல்லாத வீட்டின் அறிகுறி. டியானின் புகழைப் பார்த்து யார் வருவான்? ஓடுகிறவன், பிடிக்கிறவன், கேமராவில் தெரிய ஆசைப்படுகிறவன். 130 கிலோ பையனின் அப்பா, அம்மாவுக்கு அந்தக் கூலிங் கிளாஸ் ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: லைன் கோச் யார், அவர் எத்தனை வருடம் இருப்பார்?

---

டொரொண்டோ தம்பி

ஜோர்டன் சீட்டன் வந்தானே? நாட்டின் உச்ச லைன்மேன்களில் ஒருவன், பள்ளி முடித்த கையோடு கொலராடோவுக்குத்தான் வந்தான்.

---

ஃபிரிஸ்கோ அப்பா

வந்தான், நல்ல பையன். ஒருவன். ஐந்து பேர் வேண்டும் தம்பி. நான்கு கால் கட்டிலுக்கு ஒரு காலைத் தேக்கில் போட்டுவிட்டு மீதியை முருங்கையில் போட்டால் எப்படித் தூங்குவது?

---

கேன்ஸ்வில் பெரிசு

ஃபுளோரிடாவில் 31 வருடமாக இருக்கிறேன், ஒரு பழைய கதை. ஸ்டீவ் ஸ்பரியர் 1966-இல் ஹைஸ்மன் வாங்கியவர், இங்கே ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில். நட்சத்திரம்தான். ஆனால் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்ப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தார். 1976-இல் டாம்பா பே அணிக்கு ஆடப் போனார். அந்த அணி 14 ஆட்டம் ஆடி 14-லும் தோற்றது. பிறகு கோச் ஆகி, 1990-இல் படித்த இடத்துக்கே திரும்பினார். 1996 சீசனில் தேசியப் பட்டம். அதே ஆண்டு அவருடைய மாணவன் டேனி வர்ஃபெலுக்கு ஹைஸ்மன்.

ஜிம் ஹார்பா இன்னொருவர். தொழில்முறை ஆட்டக்காரனாக இருந்தபோதே அப்பா கோச்சாக இருந்த சின்ன பல்கலைக்கழகத்துக்குச் சம்பளம் வாங்காமல் உதவி செய்தார். தலைமைக் கோச்சாகத் தொடங்கியது சான் டியேகோ பல்கலைக்கழகத்தில், கூட்டமே வராத மட்டத்தில். அப்புறம் ஸ்டான்ஃபர்டு, அப்புறம் மிச்சிகன், 2023 சீசனில் தேசியப் பட்டம்.

பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் முழுவதும் தெரியும். டியான் ஃபுட்பாலில் பெஞ்சில் உட்கார்ந்தவர் இல்லை. போல்டர்க்காரன் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் குற்றமாகச் சொல்லவில்லை. மீனுக்கு நீச்சல் வகுப்பு எடுக்கத் தெரியாதது மீனின் தப்பா?

---

கணக்குப்பிள்ளை

பெரிசு சொன்னதற்கு எடி ஜார்ஜ் இடையில் நிற்கிறார். 1995 ஹைஸ்மன். 2021-இல் டென்னசி ஸ்டேட் போனார், அதுவும் கறுப்பினப் பல்கலைக்கழகம், அதற்கு முன் கோச் வேலையே பார்த்ததில்லை. சத்தமில்லாமல் நான்கு சீசன். 2024-இல் 9 வெற்றி, பிரிவுப் பட்டத்தில் பங்கு. 2025-இல் பௌலிங் கிரீன் கூப்பிட்டுக்கொண்டது. அவர் போனபோது யாரும் துரோகி என்று கத்தவில்லை. கடவுளின் பெயரை இழுக்காததும் காரணமாக இருக்கலாம்.

டியான் திறந்த கடை நன்றாக ஓடியதும் எல்லோரும் பக்கத்திலேயே கடை போட ஆரம்பித்தார்கள். 2024 டிசம்பரில் மைக்கேல் விக் நார்ஃபோக் ஸ்டேட்டுக்கும், டிஷான் ஜாக்சன் டெலவேர் ஸ்டேட்டுக்கும் போனார்கள். ஒரு காலத்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் சேர்ந்து ஆடியவர்கள். 2025 அக்டோபர் 30 அன்று அதே ஈகிள்ஸ் மைதானத்தில் எதிரெதிராக வந்தார்கள். ஜாக்சன் 27-20 என்று ஜெயித்தார். விக்கின் அணிக்கு சீசன் முழுவதும் ஒரே ஒரு வெற்றி. இரண்டு பேரும் பெரிய நட்சத்திரங்கள், இரண்டு பேரும் கல்லூரிக் கோச் வேலைக்குப் புதியவர்கள், ஒரே மாதிரிப் பல்கலைக்கழகங்கள். ஆக, நட்சத்திரம் என்பதை வைத்து மட்டும் ஒன்றையும் கணிக்க முடியாது.

---

டொரொண்டோ தம்பி

மகனுக்குச் செய்ததைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். 2025 ஏப்ரலில் ஷெடூரின் 2-ஆம் எண் சட்டையையும் ஹண்டரின் 12-ஐயும் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்தார்கள். ஹண்டருக்கு சரி. ஷெடூருக்கு? இதில் மட்டும் நான் உங்கள் கட்சி அண்ணே.

---

போல்டர்க்காரன்

அந்த வரிசையில் ஏற்கெனவே இருந்த ஒரு எண் 24. பைரன் வைட்டுடையது. ஆட்டம் முடிந்து சட்டம் படித்து, 1962 முதல் 1993 வரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். ஆடி முடித்தவனின் இரண்டாவது வேலை என்று பேச வந்தால் எங்கள் ஊரில் போட்டி அங்கிருந்து தொடங்குகிறது! அந்த அறிவிப்பு வந்த சில நாளிலேயே தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் தேர்வு நடந்தது. ஹண்டர் இரண்டாவதாகப் போனான். முதல் சுற்றிலேயே போவான் என்று பேசப்பட்ட ஷெடூர் 144-ஆவதாகப் போனான். அப்பா அவனுக்குக் குடை பிடித்ததே பாரமாகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் ஒன்று. 2025 ஜூலையில் தனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததையும், பையையே எடுத்துவிட்டதையும் மேடையில் உட்கார்ந்து சொன்னார். மைதானத்தின் ஓரத்தில் தனக்கென ஒரு நடமாடும் கழிப்பறை நிற்கும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். நம் ஊர் ஆண்கள் மருத்துவரிடம்கூட வாய் திறக்காத விஷயம். அன்று அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

---

ஜாக்சன் டாக்டரம்மா

அதில் அவருக்கு முழு மதிப்பெண். குடலின் ஒரு பகுதியை எடுத்துப் புதிய பை தைப்பார்கள்; அதன் பிறகு அதற்கு நேரம் பார்த்துப் பழக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டும், இரவில் அலாரம் வைத்து எழ வேண்டும். சில மாதத்தில் 12 ஆட்டம் நின்றபடி நடத்தியிருக்கிறார். 3-9 பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள், அப்பாமார்களே.

---

சும்மா வந்தேன்

வணக்கம். இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இழையைப் படித்தேன். போல்டர்க்காரன் அண்ணன் சொன்ன அந்த ஸ்டான்ஃபர்டு ஆட்டத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபிரிஸ்கோ அப்பா சொன்னாரே என்று பந்தை விட்டுவிட்டு அந்த ஐந்து பேரையே பார்க்கிறேன். இடைவேளை வந்துவிட்டது, 29-0. மணி ஒன்றரை. நாளை வேலை இருக்கிறது, இத்தோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

---

போல்டர்க்காரன்

நிறுத்திக்கொள்ளுங்கள். நானும் அங்கேதான் எழுந்தேன். காரில் ரேடியோ மட்டும் போட்டுவிடாதீர்கள்.